குட்டியானை வாங்குறீங்களா? டீசல் புகையா, பெட்ரோல் புகையா... எது மோசம்?

வ.புதுப்பட்டி:-
வத்திராயிருப்பு வட்டாரத்தில் தேங்காய் லோடு அடிக்க ‘குட்டியானை’ வண்டிதான் கைகொடுக்கிறது. டீசல் வண்டின்னா மைலேஜ் கிடைக்கும் என்பது டிரைவர்கள் கணக்கு. அது சரிதான். ஆனால் புகைக்கணக்கு வேற.

1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். டீசலில் சுமார் 2.7 கிலோ. மைலேஜ் கூடுவதால் கிலோமீட்டருக்குப் பார்த்தால் டீசலில் இது பெரும்பாலும் குறைவு.

நெஞ்சைக் கெடுப்பது கரித்தூள். பழைய டீசல் வண்டியில் அதுதான் அதிகம். டீசல் புகையால் புற்றுநோய் வரும் என 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப்பிரிவு அறிவித்தது. 2020 ஏப்ரல் 1-ல் வந்த பி.எஸ்.6 விதிக்குப் பிறகு புது வண்டிகளில் புகை வெகுவாகக் குறைந்தது.

பழைய வண்டிக்காரர்கள் ஓவர்லோடைத் தவிர்க்கணும். லோடு ஏத்தும்போது என்ஜினை அணைக்கணும். புகையை முதலில் குடிப்பது பின்னால் நிற்கும் லோடுமேன்தானே!