‘அப்படியே இருக்கு’ என்பது பாராட்டு அல்ல

‘அப்படியே இருக்கு!’ அப்பா அம்மா பிறந்த ஊருக்குக் குடும்பத்தோடு போய்வந்து எழுதுகிறவர்கள் தவறாமல் எழுதும் வரி இது. அதே ஆலமரம், அதே திண்ணை, அதே டீக்கடை. இந்த வகை எழுத்தோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. ஊர் மாறாமல் இருப்பது யாருக்கு இன்பம்? விட்டுப் போனவருக்கு. அங்கேயே இருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை.

சும்மா சொல்லவில்லை. என் அப்பா இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1948-இன் குடியுரிமைச் சட்டம் தாத்தாவை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஆடு மாடு பிரிப்பதுபோல.

அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கோச்சியேறி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கோத்தகிரி. அங்கேயும் தேயிலைதான். அரசாங்கம் வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. பார்த்தே இராத இடத்துக்கு ஒரு பையன் எப்படித் திரும்புவான்? அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் இன்னும் சுருக்கம்: சிலோன்காரங்க.

போன வருடம் அம்மா, தங்கை, நான் மூவரும் அவரைக் கூட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனோம். லயத்துக்கு வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. ஐம்பது வருடம் கழித்து வருகிறவர், பிரட்டுக்களத்தைத் தாண்டி நேராகப் போய் ஒரு வாசலில் நின்றார். அதே நீளக் கட்டிடம், அதே தகரக் கூரை, பத்தடிக்குப் பன்னிரண்டடியில் அதே காம்பரா. உள்ளே இருந்த அக்கா, “வாங்கண்ணே, இது ஒங்க காம்பராதானா? உள்ள வாங்க” என்று கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். தங்கை போனை எடுத்துக்கொண்டே, “ஐயோ, நீங்க சொன்ன மாதிரி அப்படியே இருக்குப்பா!” என்றாள். அந்த அக்கா சிரித்தார். “ஆமா புள்ள, அப்படியேதான் இருக்கு. மழ பேஞ்சா ஒழுகுறதும் அப்படியேதான்.”

என் கட்சி முழுவதும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

தோட்டங்களில் எதுவுமே மாறவில்லை என்பதும் பொய். முதலாளிகள் மாறினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகளிடமிருந்து 1975-இல் அரசு எடுத்துக்கொண்டது. 1992-இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போனது. லயம் மட்டும் நின்றது. அதே மலையில் பழைய துரை பங்களாக்கள் சில இன்று ஹோட்டல்கள். அங்கேயும் எதுவும் மாறவில்லை என்பதுதான் விளம்பரம். கணப்படுப்பு, மரத்தரை எல்லாம் அப்படியே. ஆனால் பங்களா மாறாமல் இருப்பது காசு செலவழித்ததால். லயம் மாறாமல் இருப்பது காசு செலவழிக்காததால். இரண்டையும் ஒரே ‘பழமை’ என்று ரசிக்கிறவருக்குக் கண் இருக்கிறது, பார்வை இல்லை.

‘அப்படியென்றால் உன் அப்பாவின் ஏக்கம் பொய்யா?’ என்று கேட்கலாம். இல்லை. அது அவர் வாழ்ந்து சம்பாதித்தது. இஸ்தோப்பில் உட்கார்ந்து அவர் அழுததை யாரும் கேள்வி கேட்க முடியாது. நான் கேட்பது பிள்ளைகளை. நம்முடைய ஏக்கம் இரவல். இரவல் வாங்கியதை வைத்து, இன்றும் ஆட்கள் குடியிருக்கும் வீட்டை அருங்காட்சியகமாக்க நமக்கு உரிமை கிடையாது.

‘இப்போதெல்லாம் தனி வீடுகள் வந்துவிட்டனவே’ என்பார்கள். வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. இந்திய உதவியில் வீடுகள் கட்டுகிறார்கள். 2017-இல் நோர்வூட்டுக்கு வந்த மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆனாலும் எத்தனையோ குடும்பங்கள் லயத்தில்தான் இருக்கின்றன. நாடற்றவர் என்ற பட்டத்தை 2003-இல் வந்த சட்டம் நீக்கியது. நிற்கிற மண்ணுக்கு எழுத்து? நம்மூரில் பட்டா, அவர்களுக்குக் காணி உறுதி. லயத்தில் இருப்பவருக்கு அது கிடையாது. 2023-இல் மலையகத்தின் 200 ஆண்டை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, முன்னோர் காடு வழியாக நடந்துவந்த பாதை அது. அப்பாவைக் கோச்சி அதற்கு எதிர்த்திசையில் கொண்டுபோனது. நடந்தவர்கள் கேட்டவற்றில் காணியும் வீடும் உண்டு.

ஆகவே, அப்பா அம்மா ஊருக்குப் போங்கள், கட்டாயம் போங்கள். படமும் எடுங்கள். ‘அப்படியே இருக்கு’ என்று எழுதவரும்போது மட்டும் ஒரு நிமிஷம் கையை நிறுத்துங்கள். அதை அப்படியே வைத்திருப்பது யார்? அதில் யாருக்கு லாபம்? ‘சொந்த ஊர்’ என்று தலைப்பு வைத்தால், அந்தச் சொந்தம் யார் பேரில் எழுதியிருக்கிறது என்பதையும் இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள்.