குழாய் ஸ்பீக்கரைப் பழைய இரும்புக்குப் போடாதீங்க

ஆடித் திருவிழா நெருங்குது. எங்க தோட்டக் கோவில் கூட்டத்தில் ஒரு யோசனை வந்திருக்கு: பழைய குழாய் ஸ்பீக்கரைக் கழட்டிட்டு, நன்கொடை வசூலிச்சுப் பெரிய பெட்டி ஸ்பீக்கர் வாங்கலாம்னு. தொண்டர்கள் நாங்க இதை எதிர்க்கிறோம். ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் மற்ற தோட்டக் கோவில்களுக்கும் இது பொருந்தும்னுதான் இங்கே எழுதுறோம்.

ரப்பர் போய் செம்பனை வந்ததும் தோட்டத்துச் சனம் பட்டணத்துக்குப் போயிட்டாங்க. உண்டியல் சிறுத்துப்போச்சு. கூரை ஒழுகுது. இதுல ஆயிரக்கணக்கில் வெள்ளியைக் கொட்டணுமா?

குழாய் கெட்டுப்போச்சுன்னு சொல்றவங்க திறந்து பார்த்தாங்களா? டில்லியில் 1940ல் தொடங்கிய அஹுஜாவோ, ஜப்பான் கோபேயில் 1934ல் தொடங்கிய டோவாவோ, அமைப்பு ஒன்றுதான். அலுமினியக் குழாய் லேசில் சாகாது. பின்னாடி திருகிக் கழட்டுற யூனிட்டுக்குள்ளே காந்தம், அதன் இடுக்கில் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய மெல்லிய டயாஃப்ரம். பெரும்பாலும் போறது இந்த டயாஃப்ரம்தான். (அப்புறம் குளவிக் கூடு. ஒரே குழாயில் மூணு எடுத்தோம்!)

மீட்டர் வச்சுப் பாருங்க. 16 ஓம் யூனிட் 12, 13 காட்டினா சுருள் உயிரோட இருக்கு. ஒண்ணுமே காட்டலைன்னா அறுந்துபோச்சு. 100 வோல்ட் லைன்னா டிரான்ஸ்ஃபார்மரைப் பிரிச்சிட்டு அளக்கணும். புது டயாஃப்ரம் ரெண்டு மூணு பூமாலை விலைதான். மாட்டுறதுக்கு முன்னாடி மாஸ்கிங் டேப்பை மடிச்சு இடுக்கில் விட்டு இரும்புத் தூளை எடுத்துடுங்க, இல்லைன்னா புதுசும் கரகரன்னு கத்தும். ஆம்ப்ளிஃபயரை மட்டும் தெரிஞ்சவங்ககிட்ட விடுங்க. சுவிட்சை அணைச்ச பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

டயாஃப்ரம் ஏன் அடிக்கடி போகுது? பேஸ்தான் காரணம். குழாய் பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் ஏத்தது. சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதால ஒலியைத் தள்ள முடியாது, டயாஃப்ரம் வீணா துள்ளிக் கிழியும். நேரடியா இணைக்கிற 16 ஓம் யூனிட்டுக்குத் தொடராக ஒரு 33 மைக்ரோஃபாரட் நான்-போலார் கெப்பாசிட்டர் போட்டா தப்பிக்கும். குத்துப்பாட்டை நிறுத்தினா இன்னும் நல்லா தப்பிக்கும்!

தம்பிமார் சொல்றதிலும் நியாயம் இருக்கு. மண்டபத்துக்குள்ளே தேவாரம் பாட குழாய் இனிக்காது. அதுக்குச் சின்னப் பெட்டி ரெண்டு போதும். அன்னைக்குக் கடைசி லயத்து வீடு வரைக்கும் கேக்கணும்னு குழாயை வெளியே திருப்பினாங்க. இன்னைக்கு அந்தப் பக்கம் தாமான், கைக்குழந்தை இருக்கிற வீடுங்க. வாசல் பக்கம் திருப்பி, சத்தத்தைக் குறைச்சு வைப்போம்.

ஞாயிறு காலை வாக்கெடுப்பு. அதுக்கு முன்னாடி பழுது பார்த்த ரெண்டு குழாயையும் கூட்டத்திலேயே ஓட்டிக் காட்டுறோம். கேட்டுட்டுக் கை தூக்குங்க.