வில்லங்கம் பார்த்தீர்களா, புரமோட்டர் சார்?

ஆகஸ்ட் 14, சவுதி அரேபியா, நூறு சதவீதம் உறுதி. 2021 மே 16, ஞாயிற்றுக்கிழமை, டைசன் ஃபியூரி வீடியோ போட்டு அறிவித்தது இதைத்தான். உலக ஹெவிவெயிட்டின் நான்கு பட்டங்களில் ஒன்று அவரிடம் இருந்தது, மற்ற மூன்றும் அந்தோனி ஜோஷுவாவிடம். இருவருமே இங்கிலாந்துக்காரர்கள். மோதினால் நான்கு பெல்ட்டும் ஒரே ஆளிடம் சேரும். சவுதிக்காரர்கள் 15 கோடி டாலர் வரை கொட்டுகிறார்கள் என்று பேச்சு. கொரோனா இரண்டாம் அலையில் தமிழ்நாடே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த அந்த நாட்களில், ஸ்ரீரங்கத்து வீட்டுக்குள் அடைந்திருந்த எனக்குக் கேட்ட ஒரே நல்ல செய்தி அது.

மறுநாளே போயிற்று. டேனியல் வைன்ஸ்டீன் என்ற ஓய்வுபெற்ற அமெரிக்க நீதிபதி, நடுவராக இருந்து தீர்ப்புச் சொன்னார்: ஃபியூரி முதலில் டியான்டே வைல்டரோடு மூன்றாவது முறை மோதியாக வேண்டும், அதுவும் செப்டம்பர் 15க்குள்.

“ஜோஷுவாவைப் பாத்துப் பயந்துட்டான் சார், நழுவிட்டான்” என்றார் பக்கத்து வீட்டு நண்பர். பெல் (BHEL) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். குத்துச்சண்டை ரசிகர்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான். ஒரு சண்டை கைகூடவில்லை என்றால் எவன் பயந்தவன் என்று கண்டுபிடிப்பதில் இறங்கிவிடுவார்கள். ஆறடி ஒன்பதங்குல உயரத்துக்கு வளர்ந்து, கீழே விழுந்து விழுந்து எழுந்து சண்டை போடுகிற மனிதனைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல நமக்கு ஒரு நொடி போதும். அந்தத் தேதியை யார் விற்றார்கள், விற்க அவர்களுக்கு உரிமை இருந்ததா என்று மட்டும் கேட்க மாட்டோம்.

நான் கேட்பேன். என் பிழைப்பு அப்படி. சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியே தலை நரைத்தவன் நான். கிரயம் பண்ண வருகிறவர் சொத்தின் அழகைச் சொல்வார், காவிரிக்காற்று வருகிற மாடியைச் சொல்வார். நான் கேட்பது ஒன்றுதான்: வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா? அதே சொத்தின் மேல் ஏற்கெனவே அடமானம் இருக்கலாம், கோர்ட்டு தடையாணை இருக்கலாம், தங்கைக்குப் பாத்தியதை இருக்கலாம். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மனை கோயிலுக்கா குடியிருப்பவருக்கா என்ற அடிமனை விவகாரத்தில், குடியிருக்கும் வீட்டையே விற்க முடியாமல் தவிப்பவர்கள் இங்கே உண்டு.

ஃபியூரி - ஜோஷுவா சண்டையின் மேல் இருந்த வில்லங்கம் ஒளிந்துகூடக் கிடக்கவில்லை. 2020 பிப்ரவரி 22 அன்று லாஸ் வேகாஸில் வைல்டரை ஏழாம் ரவுண்டில் சாய்த்தார் ஃபியூரி. தோற்றவர் விரும்பினால் இன்னொரு சண்டை கேட்கலாம் என்ற ஷரத்து அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. வைல்டர் கேட்டார். கெடு 2020 அக்டோபரோடு முடிந்துவிட்டது என்றது ஃபியூரி தரப்பு. முடியவில்லை என்று வைல்டர் நடுவரிடம் போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2021 மார்ச்சில், இரண்டு சண்டைக்குக் கையெழுத்தாகிவிட்டது என்று அறிவித்தார் ஜோஷுவாவின் புரமோட்டர் எடி ஹெர்ன். ஃபியூரி பக்கத்தில் அமெரிக்காவில் பாப் ஆரம், இங்கிலாந்தில் ஃபிராங்க் வாரன். ஆரம் ஹார்வர்டில் சட்டம் படித்தவர், ராபர்ட் கென்னடி காலத்தில் அமெரிக்க நீதித்துறையில் வேலை பார்த்தவர், 1966இல் முகமது அலி - சுவாலோ சண்டையோடு இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஒரு ஷரத்துக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆகவே இதைக் கவனக்குறைவு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சண்டை நடந்தால் லாபம் என்பது சரி. நடக்காவிட்டால் புரமோட்டருக்கு நஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பெரிதாக ஒன்றுமில்லை என்கிறேன். அந்த மாதங்களில் ஹெர்ன் கொடுக்காத பேட்டி இல்லை, ஆரம் பேசாத பேச்சு இல்லை. பேச்சுவார்த்தையே ஒரு காட்சி. அதற்குத் தனியாக மண்டபம் பிடிக்க வேண்டாம், டிக்கெட் அடிக்க வேண்டாம். காட்சி கலைந்ததும் ஆளுக்கொரு சண்டை கையில் இருந்தது. வாரனும் ஆரமும் ஃபியூரி - வைல்டர் மூன்றாவது சண்டையை விற்றார்கள். அக்டோபர் 9 அன்று பதினோராம் ரவுண்டில் முடிந்த அது, அமெரிக்கச் சண்டையானதால் நமக்கு ஞாயிறு காலையில் வந்தது. பொன்மலைச் சந்தைக்குப் போவதை ஒத்திவைத்துவிட்டுப் பார்த்தேன், அபாரமான சண்டை. ஹெர்ன் அதற்கு முன்பே, செப்டம்பர் 25 அன்று, ஜோஷுவாவை உக்ரைன் வீரர் உசிக்கோடு மோதவிட்டார். ஜோஷுவா தோற்று மூன்று பட்டங்களையும் இழந்தார். நான்கு பட்டமும் களத்தில் இருக்க, இருவரும் உச்சத்தில் இருந்தபோது நடந்திருக்க வேண்டிய அந்தச் சண்டை அத்தோடு இல்லையென்று ஆகிவிட்டது.

அடுத்த வருடமும் இதே கூத்து. ஃபியூரி - ஜோஷுவா, 60-40 பங்கு, டிசம்பர் 3 என்றார்கள். ஃபியூரி கெடு வைத்தார், கெடு போனது, பேச்சும் செத்துவிட்டது. டிசம்பர் 3 அன்று ஃபியூரி மோதியது, ஏற்கெனவே இரண்டு முறை தோற்கடித்திருந்த சிசோராவை. 2023இல் உசிக்கோடு வெம்ப்ளியில் என்றார்கள். உசிக் 70-30க்குக்கூட ஒப்புக்கொண்டார். மார்ச்சில் அதுவும் உடைந்தது.

கொஞ்சம் என் கதை. நான் வளர்ந்தது பொன்மலை ரயில்வே காலனியில். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த காலம். அவர்கள் வீட்டுப் பையன்கள் கிளவுஸ் மாட்டிக்கொண்டு சண்டை பழகுவதை மதில்மேல் உட்கார்ந்து பார்த்ததில் பிடித்த பைத்தியம் இது. வடசென்னைக் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றியெல்லாம் பிற்பாடுதான் தெரியும். அவர்களைப் பற்றிய ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்ததுகூட 2021 ஜூலையில்தான், ஃபியூரி - ஜோஷுவா சண்டை கலைந்த சூட்டோடு. ஊரே குத்துச்சண்டை பேசிக்கொண்டிருந்தது. படத்தில் பரம்பரை வாத்தியார்கள் மானத்தைப் பணயம் வைத்துச் சண்டை பேசுவதைப் பார்த்தபோது எனக்கு ஹெர்ன் ஞாபகம்தான் வந்தது. அங்கே சபையில் ஒருவர் வாய்விட்டால் பின்வாங்க முடியாது.

அந்தச் சென்னைக்கு முகமது அலியே வந்திருக்கிறார், 1980இல். நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை, எம்.ஜி.ஆர். இருந்தார். அந்தப் படங்களை இன்றும் பகிர்கிறோம். அதே 1980 அக்டோபரில் நடந்ததை யாரும் பகிர்வதில்லை. லாரி ஹோம்ஸோடு மோத அலிக்கு 80 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம். புரமோட்டர் டான் கிங். உடம்பு தளர்ந்துபோன அலி பத்து ரவுண்டு அடிவாங்கிய பிறகு, கிட்டத்தட்ட 12 லட்சம் டாலர் குறைத்துக் கொடுத்தார் கிங். அலி வழக்குப் போட்டார். மருத்துவமனையில் இருந்த அலியிடம் ஒரு பெட்டியில் 50 ஆயிரம் டாலர் ரொக்கத்தை அனுப்பி, இனி பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் விடுதலைப் பத்திரம். எத்தனையோ எழுதியிருக்கிறேன். உடன்பிறந்தவர்கள் கண்கலங்கிக் கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். ரொக்கப்பெட்டியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போய் வாங்கிய விடுதலை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அமெரிக்காவில் 2000இல் ஒரு சட்டம் வந்தது, அலியின் பெயரிலேயே. சண்டையில் என்ன வருமானம் என்று வீரரிடம் புரமோட்டர் கணக்குக் காட்ட வேண்டும், புரமோட்டர் பணத்தில் மேனேஜர் பங்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் நடக்கவே நடக்காத சண்டையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நம் நாட்டில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கென்று அப்படி ஒரு சட்டமும் இல்லை. விஜேந்தர் சிங் 2015இல் அமெச்சூரை விட்டுத் தொழில்முறைக்குப் போனதும், இங்கிலாந்துக் குத்துச்சண்டை வீரர் அமீர் கான் - விஜேந்தர், இந்தியா - பாகிஸ்தான் வம்சாவளி மோதல் என்று வருடக்கணக்கில் பேசினார்கள். கானின் பெயர் எழும்பியது 63 கிலோச் சொச்சம் எடைப்பிரிவில், விஜேந்தர் 76 கிலோப் பிரிவில். இடையில் பன்னிரண்டு கிலோவுக்கு மேல். எந்த எடையில் மோதுவது என்பதே முடிவாகாமல் தலைப்புச் செய்தி மட்டும் வந்துகொண்டிருந்தது, சண்டை வரவில்லை. 2019இல் கானுக்கு எதிராக நீரஜ் கோயத்தை ஜெட்டாவில் இறக்கத் தேதி குறித்தார்கள். கோயத் கார் விபத்தில் அடிபட்டார், அவர் இடத்தில் பில்லி டிப் மோதினார். விபத்துக்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட ஒரே வாய்ப்பை இழக்கிற இந்திய வீரனுக்கு ஒப்பந்தத்தில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

வழி இல்லாமல் இல்லை. இரண்டு தரப்பும் ஒத்துவராதபோது பட்டம் கொடுக்கும் அமைப்பு டெண்டர் விடும். சீல் வைத்த உறையில் தொகை எழுதிக் கொடுக்க வேண்டும், கூடுதல் தொகைக்குச் சண்டை. 2022 ஜனவரி 28 அன்று ஃபியூரி - டிலியன் வைட் சண்டைக்கு உறை பிரித்தார்கள்: வாரன் எழுதியிருந்தது 4 கோடியே 10 லட்சத்து 25 ஆயிரம் டாலர். ஏப்ரல் 23 அன்று வெம்ப்ளியில் 94 ஆயிரம் பேர் முன்னால் சண்டை நடந்தே விட்டது. வருடக்கணக்கில் பேசியவை உடைகின்றன, உறையில் எழுதியது மூன்றே மாதத்தில் நடக்கிறது. இதிலும் ஓட்டை உண்டு. 2021இல் டியோஃபிமோ லோபஸ் - காம்போசோஸ் சண்டையை 60 லட்சம் டாலருக்கு மேல் எழுதி எடுத்த நிறுவனம், தேதியை மாற்றி மாற்றி வைத்துக் கடைசியில் உரிமையையே இழந்தது. ஆனால் அங்கே சட்டென்று அடுத்த தொகை எழுதியவரிடம் போனார்கள், சண்டையும் நடந்தது.

ஃபியூரி - உசிக் சண்டை 2024இல் கடைசியில் எப்படி நடந்தது? பிப்ரவரி 17 என்றிருந்தது. பயிற்சியில் ஃபியூரிக்குக் கண்ணுக்கு மேல் கிழிந்ததால் மே 18க்குப் போனது. இனி யார் பின்வாங்கினாலும் ஒரு கோடி டாலர் அபராதம் என்றார் சண்டையை நடத்திய சவுதியின் துர்க்கி அல் ஷேக். யாரும் பின்வாங்கவில்லை. உசிக் வென்றார். 1999இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு எல்லாப் பட்டமும் ஒரே ஹெவிவெயிட்டிடம் சேர்ந்தது அன்றுதான். டிசம்பரில் மறுசண்டை நமக்கு விடியற்காலை மூன்றரை மணிக்கு. டிவி வெளிச்சத்தைப் பார்த்த எதிர்வீட்டு மாமி, மார்கழிக்கு எழுந்துவிட்டேன் என்று நினைத்து மறுநாள் பாராட்டினார். நான் மறுக்கவில்லை.

அபராதம் நல்லது, போதாது. தமிழ்நாட்டில் 2012க்குப் பிறகு கிரய உடன்படிக்கையையே பதிவு செய்தாக வேண்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் யாரும் பார்க்கலாம். ஒரு குடியானவன் அரை ஏக்கர் வாங்க இருக்கிற இந்த வசதி, கோடிக்கணக்கில் டாலர் புரளும் சண்டைக்கு இல்லை. பட்டம் கொடுக்கும் நான்கு அமைப்புகளும் வீரர்களின் சம்பளத்தில் ஒரு பங்கை அனுமதிக் கட்டணமாக வாங்குகின்றன. வாங்குகிற காசுக்கு ஒரு பதிவேடு வைக்கட்டும்: யாருக்கு யாரோடு மறுசண்டை பாக்கி, கெடு எப்போது, எந்த வழக்கு நிலுவையில். அதில் ஏறாத சண்டைக்குத் தேதி அறிவிக்கும் புரமோட்டரின் உரிமத்தை, அதைக் கொடுத்தவர்கள் நிறுத்தி வைக்கட்டும்.

பெரிய சண்டை கலைந்தால் ஃபியூரிக்கு வேறு சண்டை கிடைத்துவிடும். அதே நிகழ்ச்சியில் நான்கு ரவுண்டுச் சண்டைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் பட்டினி கிடந்து எடை குறைத்து, பயிற்சியாளருக்குக் கடன் வைத்திருக்கும் பையனுக்குக் கிடைக்காது. வேலைக்குப் போகாமல் பயிற்சி செய்த மாதங்களுக்கு அவனுக்கு என்ன ஈடு என்று ஒரு ஷரத்து எழுத முடியாதா? எழுதச் சொன்னால் நானே அரைப் பக்கத்தில் எழுதித் தருவேன், கூலிகூட வேண்டாம்.