குசாமாவின் கித்தான்களும் இன்றைய கூட்டமும்

மெல்பேண் நகரிலுள்ள விக்ரோறியா தேசியக் கலைக்கூடத்திலே 2024 டிசம்பரில் தொடங்கி 2025 ஏப்ரிலில் நிறைவுற்ற ஓவியக் காட்சியொன்றினை 570,000க்கும் அதிகமானோர் கட்டணம் செலுத்திக் கண்டனர் என்ற செய்தியைப் படித்தபோது, எனக்கு மகிழ்ச்சியிலும் பார்க்கக் கவலையே மிகுந்தது. அவுஸ்திரேலியாவில் அதுவரை நடந்த கட்டணக் கலைக்காட்சிகளுள் இத்துணைக் கூட்டம் வேறெதற்கும் கூடியதில்லையாம். காட்சிக்குரியவர் யாயோயி குசாமா என்னும் யப்பானிய ஓவியர். 1929 மார்ச்சிலே பிறந்த அம்மையார், அக்காட்சி நடந்துகொண்டிருந்தபோதே 96 வயதை எட்டினார். ஓவியத்தைக் காண மக்கள் திரள்வது நல்லதுதானே, கவலை எதற்கு என்று என் மாணவர் ஒருவர் வினவினார். அன்று அவருக்கு நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆதலின் இதனை எழுதுகிறேன்.

கூடுவோரிற் பெரும்பாலோர் தேடிச் செல்வது அம்மையாரின் கண்ணாடி அறைகளையே. நாற்புறமும் கண்ணாடி பதித்த சிற்றறையிலே விளக்குகளோ புள்ளியிட்ட பூசணிகளோ வைக்கப்பட்டிருக்கும். உள்ளே நிற்பவர் முடிவின்றிப் பெருகும் தம் உருவத்தைக் காண்பார். 2017இல் வாஷிங்ரன் ஹேர்ஷோண் அரும்பொருளகத்தில் ஓர் அறைக்கு ஏறத்தாழ அரை நிமிடமே ஒதுக்கப்பட்டது. அந்த அரை நிமிடமும் கைத்தொலைபேசியில் தம்மைத் தாமே படம் பிடிப்பதிற் கழிந்துவிடும். அக்காட்சியிலேதான் பார்வையாளர் ஒருவரின் தடுமாற்றத்தாற் பூசணியொன்று சேதமுற்றது. இதற்கிடையே லூயி வித்தோன் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 2012இலும் 2023இலும் அம்மையாரின் புள்ளிகளைக் கைப்பைகளிற் பதித்து விற்றது. இவற்றையெல்லாம் கண்ட விமர்சகர் சிலர், ‘இது கலையன்று, காட்சிச்சாலைக் களியாட்டம்’ என்று ஒதுக்கிவிட்டனர். உண்மையைச் சொன்னால், நானும் ஒரு காலத்தில் அவர்கள் பக்கமே நின்றேன்.

என் கருத்து மாறியது 2017இலே, சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில். பழைய உயர்நீதிமன்றமும் நகர மண்டபமும் இணைந்த அக்கட்டடத்தில் அம்மையாரின் காட்சி நடைபெற்றது. ஒரு மண்டபத்திலே அவரது முதுமைக்கால ஓவியங்கள் சுவர் நிறையத் தொங்கின. மக்களோ அவற்றைக் கடைக்கண்ணால் நோக்கியவாறு கண்ணாடி அறையின் வரிசைக்கு விரைந்தனர். வரிசையிற் கால்கடுக்க நிற்கும் பொறுமை எனக்கு இல்லாமையால் நான் ஓவியங்களின் முன்னே தங்கிவிட்டேன். சோம்பலுக்கும் சில வேளைகளிற் பயன் உண்டு போலும்.

‘என் நித்திய ஆன்மா’ என்ற பொதுப் பெயரில் 2009இலே தொடங்கி 2021 வரை அம்மையார் தீட்டிய தொடர் அது. நூறு படங்கள் வரைவதே முதலிற் கொண்ட நோக்கம். பின்னர் அது பல நூறாக வளர்ந்தது. பெரும்பாலானவை சதுரக் கித்தான்கள், ஒரு பக்கம் ஏறத்தாழ இரண்டு மீற்றர். முன்வரைவு கிடையாது. கித்தானை மேசைமீது கிடையாகப் பரப்பி, ஒரு விளிம்பிலிருந்து வரைந்து, பின்னர் மறு விளிம்புக்குச் சென்று தொடர்வாராம். ஆதலின் அப்படங்களுக்கு மேலும் கீழும் இல்லை. கண் ஓரிடத்தில் அமர்ந்து இளைப்பாற அவை இடங்கொடுப்பதில்லை.

வண்ணங்களைச் சொல்லவேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலப்பச்சை, இளஞ்சிவப்பு ஆகியவை ஒன்றோடொன்று குழையாமல், நிழலின்றி, ஆழமின்றி அருகருகே நிற்கின்றன. சிவந்த தளத்திலே இமையோடு கூடிய கண்கள் நூற்றுக்கணக்கில் மிதக்கின்றன. பற்களைப் போன்ற கூர்விளிம்புகள் ஓரங்களைக் கவ்வுகின்றன. உயிரணுக்களோ புழுக்களோ எனத் துணியவியலாத வடிவங்கள் நெளிகின்றன. இடையிடையே பக்கவாட்டிற் பெண்முகம் ஒன்று தோன்றுகிறது. முதற் பார்வைக்குக் குழந்தையின் சித்திரம்போல் இருப்பது, சிறிது நேரம் நின்றால் வேறாகிறது. தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடுகளுள் மருட்கை, அச்சம், உவகை ஆகிய மூன்றும் ஒரே கித்தானிற் கலந்து நிற்பதை நான் அன்று உணர்ந்தேன். எது எங்கே முடிகிறதென்று பிரித்தறிய முடியவில்லை. மகிழ்ச்சியான வண்ணங்கள் என்று அவற்றைப் புகழ்வோர் அந்த அச்சத்தைத் தவறவிடுகின்றனர்.

அச்சம் அவருக்குப் புதிதன்று. மற்சுமோட்டோவிலே விதைப்பண்ணை நடத்திய வசதியான குடும்பத்திற் பிறந்த குசாமாவுக்குச் சிறு வயதிலேயே மாயத்தோற்றங்கள் தோன்றலாயின. மலர்கள் பேசின, மேசைவிரிப்பின் பூக்கோலம் அறையெங்கும் பரவித் தம்மையும் விழுங்கியது என்று பின்னாளில் அவரே கூறியுள்ளார். பத்து வயதில் வரைந்த பென்சிற் சித்திரமொன்றிற் கிமோனோ அணிந்த பெண்ணின் முகமும் உடலும் புள்ளிகளால் மூடப்பட்டிருக்கின்றன. தாயார் மகள் ஓவியராவதை விரும்பவில்லை. போர்க்காலத்திலோ பள்ளிச் சிறுமியான அவர் தொழிற்சாலையிற் பரசூட் தைக்க நேர்ந்தது. 1977 முதல் டோக்கியோவிலுள்ள மனநோய் மருத்துவமனையொன்றிலே தம் விருப்பத்தின்பேரிற் தங்கி, அருகிலுள்ள தமது கலைக்கூடத்துக்குச் சென்று வரைந்துவந்தார்.

இவ்வரலாற்றைச் சொன்னவுடன், நோயே ஓவியமாயிற்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காட்சிக் கையேடுகளும் இக்கதையையே திரும்பத் திரும்ப விற்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. நோயுற்றோர் பலர், குசாமா ஒருவரே. கியோத்தோவிலே 1948 முதல் மரபுவழி யப்பானிய ஓவியத்தைக் கற்று, அதன் கட்டுப்பாட்டை வெறுத்து, அமெரிக்க ஓவியை ஜோர்ஜியா ஓகீவுக்குக் கடிதமெழுதி ஆலோசனை கேட்டு, 1957இற் கடல் கடந்தவர் அவர். 1959 ஒக்டோபரில் நியூயோர்க்கின் பிறாற்றா கூடத்திலே ஐந்து வெண்ணிற ‘வலை’ ஓவியங்களை வைத்தார். சிறு வளைகோடு ஒன்றே. அதனை ஆயிரமாயிரம் முறை திரும்பத் திரும்ப இட்டுப் பெருங்கித்தான் முழுவதையும் நிரப்பியிருந்தார். 1961இற் காட்டப்பட்ட வலையொன்று ஏறத்தாழ பத்து மீற்றர் நீளம். இளம் விமர்சகராயிருந்த டொனால்ட் ஜட் அவரது ஆற்றலை உடனே இனங்கண்டு எழுதினார். ஓர் ஓவியத்தை வாங்கியும் வைத்தார். அந்த வளைகோட்டைக் கைசோராமல் இடுவது நோயின் வேலையன்று. அது பயிற்சியின் வேலை, பிடிவாதத்தின் வேலை. 1959ஆம் ஆண்டு வலையொன்று 2022 மே மாதத்தில் 10.5 மில்லியன் டொலருக்கு ஏலம்போயிற்று என்பதை இவ்விடத்தில் நினைக்காதிருக்க முடியவில்லை. அவற்றை வரைந்த நாட்களிலோ அவர் வறுமையில் வாடினார்.

வியாபாரம் அவரைப் பின்னாளிலே பற்றிக்கொண்ட பேய் என்பதும் முழு உண்மையன்று. 1966இல் வெனிஸ் நகர்க் கலைவிழாவிலே, அழைப்பின்றி, 1,500 கண்ணாடிப் பந்துகளைப் புல்வெளியிற் பரப்பி, ஒன்று 1,200 லீரா என்று கூவி விற்றார். கலை சந்தைப்பொருளானதை எள்ளி நகையாடிய செயல் அது. விழாவினர் விற்பனையைத் தடுத்தனர். 1993இலே அதே வெனிஸிற் யப்பான் நாட்டின் மண்டபம் முழுவதும் அவருக்கே அளிக்கப்பட்டது. அன்றைய எள்ளலுக்கும் இன்றைய கைப்பைக்கும் இடையே உள்ள தூரத்தை அளப்பதே விமர்சகரின் பணி. எள்ளியவரே எள்ளப்பட்டதிற் கரைந்தாரா? கண்ணாடி அறைகளைப் பொறுத்தவரை ஆம் என்றே சொல்வேன். கித்தான்களைப் பொறுத்தவரை அவ்வாறு சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அவரைத் தெய்வமாக்கவும் வேண்டியதில்லை. தன்வரலாற்றிலே கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதியிருந்த இழிவான பகுதிகள் கண்டனத்துக்குள்ளாகி, 2023இல் சான் பிரான்சிஸ்கோக் காட்சி தொடங்கும் தறுவாயில் மன்னிப்புக் கோரினார். மன்னிப்பு வந்தது நன்று. எழுத்து எழுத்தாகவே நிற்கிறது. பல நூறு கித்தான்களுள் வெறும் அலங்காரமாய் முடிந்தவையும் பல உள. கண்களையும் புழுக்களையும் பழக்கத்தினாலே நிரப்பிய படங்கள் அவை. சிங்கப்பூரிலும் அத்தகைய சிலவற்றை நான் கண்டேன். அவற்றின் முன் கால் தரிக்கவில்லை.

அவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் என்னை நீண்ட நேரம் நிறுத்தியது. மஞ்சள் தளம், கறுத்த கண்கள், ஓரமெங்கும் நடுங்கும் கோடு. எண்பது வயதைத் தாண்டிய கையின் நடுக்கம் அக்கோட்டிலே மறைக்கப்படாமற் தெரிந்தது. பிழையான இடத்தைத் திருத்தாது, அதன்மேலேயே அடுத்த கண்ணை வரைந்திருந்தார். கைத்தொலைபேசியிற் படமாக எடுத்துப் பார்த்தேன். அந்த நடுக்கம் படத்தில் விழவில்லை. மண்டபத்துக்கு அப்பால், கண்ணாடி அறையின் வாயிலிலே, காவலர் அடுத்தவரை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்.