கருணை வேண்டாம், கணக்கு வேண்டும்

ஆஸ்பத்திரிகளைச் சீர்திருத்துவது பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். நோயாளியின் அனுபவம், நிர்வாகத் திறன், சேவைத் தரம் என்று புதுப்புது வார்த்தைகள் வந்து இறங்குகின்றன. எந்த நோயாளியின் அனுபவம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஊரிலிருந்து வருகிறவருக்கும் சேரியிலிருந்து வருகிறவருக்கும் ஆஸ்பத்திரி வாசல் ஒன்றாகவா இருக்கிறது?

‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற குறிப்புகளில் அம்பேத்கர் ஒரு சம்பவத்தை எடுத்து வைக்கிறார். 1929இல் கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியரின் மனைவி பிரசவத்துக்குப் பின் நோயில் விழுகிறார். சேரிக்குள் வரமாட்டேன், வெளியே தூக்கி வந்தால் பார்க்கிறேன் என்கிறார் டாக்டர். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைக்கிறார். வந்த வழியிலேயே அது திரும்பிப் போகிறது. பார்த்துவிட்டு நிமோனியா என்கிறார் டாக்டர். அந்தப் பெண் செத்துப் போனார்.

அந்த டாக்டருக்குப் படிப்பு இருந்தது, கருவி இருந்தது, இரண்டு ரூபாய் ஃபீசும் உறுதியாகி இருந்தது. இன்றைய நிர்வாகப் பாஷையில் எல்லா ‘வளங்களும்’ தயார். தொடுவதா வேண்டாமா என்பது மட்டும் அவர் மனசுக்கு விடப்பட்டிருந்தது. என் வாதம் இதுதான்: ஆஸ்பத்திரியில் எங்கெல்லாம் ஒருவருடைய மனசுக்கு இடம் விடப்படுகிறதோ அங்கெல்லாம் சாதி வந்து குந்திக்கொள்கிறது. உரிமை எழுத்தில் ஏறிய இடத்தில்தான் அது கொஞ்சமாவது பின்வாங்குகிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. பாஸ்புக்கின் அருமை எனக்குத் தெரியும். அதில் ஏறிய பணத்தை எடுக்க வருகிறவர் யாரையும் கும்பிட வேண்டியதில்லை. கவுன்ட்டரில் இருப்பவர் முகத்தைச் சுளிக்கலாம், ஆனால் பணம் இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் நடந்த உருப்படியான சீர்திருத்தம் ஒன்று பாஸ்புக்கை வைத்தே நடந்தது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டு, 1995 முதல் மருந்து வாங்கி விநியோகித்தது. மாவட்டந்தோறும் கிடங்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று ஒரு பாஸ்புக். கிடங்கில் மருந்து எடுக்க எடுக்கக் கணக்கில் கழியும். எந்த மருந்து எவ்வளவு என்பதை அந்த ஆஸ்பத்திரியே தீர்மானிக்கும். கம்பெனிப் பெயரில் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே டெண்டர். வெளியே விற்றால் தெரிந்துவிடும்படி மாத்திரை அட்டையிலேயே அரசு முத்திரை. இதைப் பார்த்துத்தான் கேரளமும் ராஜஸ்தானும் பிற்பாடு இப்படிக் கழகங்கள் அமைத்தன.

இதில் எந்தப் புரட்சியும் இல்லை, வெறும் கணக்கு. ஆனால் ‘மருந்து ஸ்டாக் இல்ல, வெளியில வாங்கிக்க’ என்ற பேச்சு எங்கெல்லாம் குறைந்ததோ அங்கெல்லாம் மிச்சமானது நம்ம ஜனங்களின் பணம்தான்.

மாத்திரைக்குப் பாஸ்புக் வந்துவிட்டது. மரியாதைக்கு எங்கே பாஸ்புக்? எங்க பெரியம்மாவை ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டிலுக்கு ‘வாங்கம்மா’, பெரியம்மாவுக்கு ‘ஏய், தள்ளிக் குந்து.’ மாத்திரை கையில் விழவில்லை, கட்டிலில் விழுந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ள ஒரு ரேட்டு, பிறந்த பிள்ளையைக் காட்ட ஆணுக்கு ஒரு ரேட்டு, பெண்ணுக்கு ஒரு ரேட்டு. சேர்க்க மறுப்பதையும் சேர்த்த பின் பாகுபாடு காட்டுவதையும் 1955இன் தீண்டாமைக் குற்றச் சட்டமே தண்டனைக்குரியதாக்கிவிட்டது. ஆனால் வழக்கு போட என்ன இருக்கிறது கையில்? கட்டிலில் விழுந்த மாத்திரைக்கு ரசீது உண்டா?

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. இங்கே ஆரணியில் கூலிக்குப் பட்டு நெய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். குழியில் காலை விட்டு உட்கார்ந்து தறி ஓடினால்தான் கூலி. சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வரிசை, ரிசல்ட்டுக்கு ‘நாளைக்கு வா.’ “இலவசம்ன்றாங்க, ரெண்டு நாள் கூலி பூட்ச்சே, அத்த யாரு குடுப்பா?” என்று கேட்டார் ஒரு தறிக்காரர். ஆஸ்பத்திரிக் கணக்கில் அந்த இரண்டு நாள் எங்குமே ஏறுவதில்லை.

டாக்டர் கொஞ்சம், கூட்டம் அதிகம், இதில் மரியாதையை எங்கே பார்ப்பது என்பார்கள். கூட்டத்தையே குறைக்க வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனது. வீடு தேடிப் போனவர்கள் பெண்கள். அவர்களுக்குப் பெயர் தன்னார்வலர், கொடுத்தது ஊக்கத்தொகை. சம்பளம் என்று சொன்னால் உரிமை வந்துவிடுமல்லவா!

‘திறன்’ என்ற சொல் யார் தலையில் விடிகிறது என்று இங்கேதான் கவனிக்க வேண்டும். சிக்கனம் என்று வரும்போது முதலில் ஒப்பந்தத்துக்குப் போவது துப்புரவு வேலை. ரத்தத்தையும் சீழையும் மலத்தையும் அள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த கூலியைக் கொடு என்று கேட்கவே அவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து போராட வேண்டியிருக்கிறது. பளபளக்கும் தரையைக் காட்டித் தரச்சான்று வாங்குகிறவர்கள் அந்தத் தரையைத் துடைத்தவளைச் சம்பளப் பதிவேட்டில் ஏற்ற மறுக்கிறார்கள்.

தோழர்கள் சிலர் இதையெல்லாம் சீர்திருத்தவாதம் என்பார்கள். டோக்கனும் ரசீதும் சாதியை ஒழித்துவிடுமா என்பார்கள். ஒழிக்காதுதான். ஆனால் டோக்கன் எண் தெரு பெயர் கேட்பதில்லை. அரசு ஆஸ்பத்திரியைத் தனியாருக்கு விடாதே என்று கோஷம் போடுகிற நாம், அந்த ஆஸ்பத்திரிக்குள் நம்ம ஆயாவை எப்படி நடத்துகிறார்கள் என்றும் கேட்டால்தான் கோஷத்துக்கு உயிர் இருக்கும். ‘தர்மாஸ்பத்திரி’ என்கிறார்கள் இன்னமும். யார் வீட்டுத் தர்மம்? வரி நம்முடையது, உழைப்பு நம்முடையது.

மாணவத் தோழர்கள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், நாடியைத் தொட்டுப் பார்த்தார்களா, எந்தச் சொல்லால் கூப்பிட்டார்கள், எங்கே எவ்வளவு துட்டு கேட்டார்கள் என்று வருகிறவர்களிடம் கேட்டு எழுதுங்கள். துப்புரவுப் பெண்களிடம் கையில் வந்த கூலி எவ்வளவு என்று கேட்டு அதையும் எழுதுங்கள். தேதி போடுங்கள். ஒரு மாதக் கணக்கைத் தகவல் பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். டோக்கன் வரிசை, தமிழில் ரசீது, எண்ணிட்ட புகார் நோட்டு, துப்புரவுப் பணியாளருக்கு நிரந்தர வேலை என்று அப்புறம் போய்க் கேளுங்கள். கணக்கோடு வருகிறவனை ‘ஏய்’ என்று கூப்பிட எவனுக்கும் அவ்வளவு லேசில் வாய் வராது.