சங்குத் தபால் தலையும் தகரப் பெட்டியும்

சுருளிப்பட்டியில் பழைய வீடுகளின் பரண் மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதில் பத்திரம், தீர்வை ரசீது, ஜாதகம் இருக்கும். அவற்றுக்கு அடியில் நூலால் கட்டிய பழைய கடிதங்கள் கிடக்கும்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கட்டு குப்பைக்குப் போகிறது. இல்லாவிட்டால், பள்ளிக்கூடத்துப் பையன் தபால் தலையை மட்டும் கிழித்துக்கொண்டு உறையை எறிந்துவிடுகிறான்.

அப்படிச் செய்யாதீர்கள். அந்த உறைதான் ஊரின் சரித்திரம்!

மலைக்கு அப்பால் வேறு தபால்

கம்பத்துக்கு மேற்கே நிற்கும் மலையைப் பாருங்கள். ஒரு காலத்தில் அந்த மலைக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியா. அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். ஏலத் தோட்டங்கள் இருந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தன. கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் பிழைப்புக்காக மலை ஏறிப் போனார்கள்.

திருவிதாங்கூருக்குத் தனித் தபால் இலாகா உண்டு. அதன் பெயர் "அஞ்சல்". இன்று நாம் அஞ்சல் நிலையம் என்கிறோமே, அதே சொல்தான். மணி கட்டிய கோலைப் பிடித்துக்கொண்டு அஞ்சல்காரர் ஓடுவார். மணிச் சத்தம் கேட்டால் வழியில் இருப்பவர்கள் விலகி நிற்பார்கள்.

1888-ம் ஆண்டு திருவிதாங்கூர் தன் முதல் தபால் தலைகளை வெளியிட்டது. ராஜாவின் முகம் அதில் இல்லை. பத்மநாப சுவாமியின் சங்கு இருந்தது. விலையும் அணாவில் இல்லை, சக்கரத்தில் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

சங்குத் தலை ஒட்டிய கடிதம் சமஸ்தானத்துக்குள் போகும். மலை இறங்கிக் கம்பத்துக்கு வர வேண்டுமானால் பிரிட்டிஷ் இந்தியத் தபால் தலை ஒட்ட வேண்டும். தூரமோ கொஞ்சம்தான். தபாலோ வேறு!

பிறகு வந்த தலைகளும் பார்க்கத் தகுந்தவை. 1936-ம் ஆண்டு ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அதன் நினைவாக 1937-ல் கோயில் படங்களோடு தலைகள் வந்தன. 1939-ல் கன்னியாகுமரியும் பேச்சிப்பாறை அணையும் தபால் தலை ஏறின. இந்த இரண்டு இடங்களும் இன்று தமிழ்நாட்டில் இருக்கின்றன.

1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. 1951-ல் அஞ்சல் இலாகா இந்தியத் தபாலோடு கலந்தது. 1956-ல் நாகர்கோவிலும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின.

மெக்சிகோ சொல்லும் பாடம்

தபால் தலையைவிட அதன் மேல் விழுந்த ஊர்ப் பெயர் பெரியது என்பதற்கு மெக்சிகோ நாடு நல்ல சாட்சி. அங்கே 1856-ல் முதல் தபால் தலை வந்தது. விடுதலைப் போரைத் தொடங்கிய இடால்கோ பாதிரியாரின் முகம் அதில் இருந்தது.

ஆனால் வழியில் கொள்ளை பயம். அதனால் ஒவ்வொரு தபால் மாவட்டத்தின் பெயரையும் தலைகளின் மேல் அச்சிட்டார்கள். பெயர் இல்லாத தலையைத் திருடியவனுக்கு அதனால் பயன் இல்லை.

அன்று திருடனுக்குப் போட்ட பூட்டு, இன்று சேகரிப்பவருக்குச் சாவி! முகம் ஒன்று, ஊர் வேறு வேறு. தபால் அதிகம் இல்லாத சிறு மாவட்டத்தின் பெயர் தாங்கிய தலையைத்தான் தேடித் திரிகிறார்கள். பெரிய நகரத்துத் தலை எளிதில் கிடைக்கிறது.

நம் பெட்டியில் உள்ள உறையும் அப்படித்தான். தபால் தலை லட்சக்கணக்கில் அச்சானது. ஆனால் இந்த ஊர் முத்திரை, இந்தத் தேதி, இந்த விலாசம் மூன்றும் சேர்ந்த உறை உலகத்தில் ஒன்றே ஒன்று. தலையைக் கிழித்தால் முத்திரை பாதியாகிறது. யார் யாருக்கு எங்கிருந்து எழுதினார் என்பது அழிந்துபோகிறது.

என்ன செய்ய வேண்டும்?

உறையை முழுதாக வையுங்கள். தண்ணீரில் போடாதீர்கள். பசையும் ஒட்டுநாடாவும் வேண்டாம். ஈரமும் கரையானும் அண்டாத இடத்தில், சுத்தமான காகித உறைக்குள் வையுங்கள். எழுதியவர் யார், எந்தத் தோட்டத்திலிருந்து எழுதினார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத் தனிச் சீட்டில் குறித்து அதனோடு வையுங்கள்.

பணம் கொட்டும் என்று நினைக்க வேண்டாம். சங்குத் தலைகளில் பல மிக மலிவாகவே கிடைக்கின்றன. ஆனால் விவரம் தெரியாமல், முதலில் கேட்டவருக்குக் கொடுத்துவிடவும் வேண்டாம்.

மலையில் ஏலக்காய் பறித்தவர்களைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. "சுகமாக இருக்கிறேன், பணம் அனுப்பியிருக்கிறேன்" என்று அவர்கள் எழுதிய நாலு வரிதான் அவர்களுக்கு மிஞ்சிய சாசனம். அதை நாமே கிழிக்கலாமா?

பரண் மேல் ஏறிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.