'பண்ணு' செய்த குற்றம் என்ன?

பெங்களூரில் ஒரு மாணவி கட்டுரையில் 'பதிவு பண்ணினேன்' என எழுதினாள். சிவப்பு மை பாய்ந்தது. 'பண்ணு' ஆங்கில 'டூ'வின் நிழலாம். 'செய்' ஒன்றே தமிழாம்.

நெட்டிமையாரின் 12ஆம் புறப்பாட்டில் தேரை ஆயத்தம் செய்வதற்கு ஆளப்பட்டது இவ்வினையே. சிலப்பதிகாரக் கானல்வரி கூறும் எண்வகை இசைக்கரணங்களில் முதலாவது பண்ணல். 13ஆம் நூற்றாண்டு வைணவ உரைகளைப் புரட்டியோர் அறிவர்: வடமொழிப் பெயரை வினையாக்க உரையாசிரியர்கள் தயங்காமல் எடுத்தது 'பண்ணி'யைத்தான். அன்று இங்கே எந்த ஆங்கிலேயன் இருந்தான்? 'ஜாயின் பண்ணு' அதே பழைய வாய்க்காலில் வரும் புதுநீர். இந்நகரத்துக் கன்னடர் 'ஜாயின் மாடு' என்கிறார்கள், அதுவும் நிழலா? ஆங்கிலமோ தன் 'டூ'வை இவ்வாறு ஆள்வதே இல்லை. அச்சொல்லின் பழம்பொருள் 'வைத்தல்'. வடமொழியில் 'தாது' என்ற சொல் பிறந்த வேருக்கு அது உறவு.

'செய்'யும் நமக்கு மட்டும் உரியதன்று. பழங்கன்னடத்தில் அது 'கெய்', ககரமே மூத்தது. 'கேரி'யைச் 'சேரி' ஆக்கியதுபோல் இதையும் சகரமாக்கியது தமிழே. தூய்மை தேடுவோர் கவனிக்க.

நடைநயம் கருதிச் 'செய்' என எழுதச் சொல்லுங்கள்; நானும் அப்படித்தான் எழுதுகிறேன். பிழையென்று மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். குறைத்ததைத் திருப்பிக் கொடுங்கள்.